ஆடியில் வெளியீடு இல்லை

ஆடி மாதத்தில் நல்ல காரியம் எதையும் தொடங்கக் கூடாது என்று ஒரு நம்பிக்கை நாட்டில் உலவுகிறது. அது தவறு. போகிற போக்கில் சொல்லவில்லை, பொறுப்போடு சொல்கிறேன். சிவகாசிக்குப் போய்ப் பாருங்கள். அங்கே காலண்டர்த் தொழிலே ஆடிப்பெருக்கன்றுதான் தொடங்குகிறது. அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரிகளை ஒட்டிய ஆல்பத்தைச் சாமி முன்னால் வைத்துச் சூடம் காட்டிவிட்டு, அன்றைக்கே ஆர்டர் எடுக்க உட்கார்ந்துவிடுவார்கள். அம்மனுக்குக் கூழ் ஊற்றுவது ஆடியில். துணிக்கடைக்காரன் தள்ளுபடி போடுவது ஆடியில். ஆடியில் செய்யக் கூடாதது உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். மென்பொருள் வெளியீடு.

சிரிக்காதீர்கள். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

பஸ்ஸில் ஏறியதும் உங்கள் மடியில் இருக்கிற தாம்பூலப் பையைப் பார்த்துத்தான் பேச்சை எடுத்தேன். நேற்றுக் கல்யாணத்துக்குப் போனீர்களா? மேலூரிலா? மண்டபம் நிறைந்திருந்ததா? நிறைந்திருக்கும். நேற்று ஆவணி ஒன்று என்று நினைத்துக்கொண்டு ஊரெல்லாம் தாலி கட்டியிருக்கிறது. நேற்று ஆடி முப்பத்திரண்டு. நீங்கள் சாப்பிட்டது ஆடி மாதக் கல்யாணச் சாப்பாடு. மணமக்கள் நன்றாக இருக்கட்டும், அவர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. என் கோபம் வேறு ஆள்மேல்.

இன்றுதான் ஆவணி ஒன்று. காரைக்குடியில் தேனப்பன் என்று என் சிநேகிதன், இன்றைக்குப் புது வீடு புகுகிறான். அதற்குத்தான் போகிறேன். காலில் இடிக்கிறதா? குத்துவிளக்கு. கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்திக்கொள்கிறேன். ஹோமமெல்லாம் விடிகாலையிலேயே முடிந்திருக்கும். எனக்குப் புகை ஒத்துக்கொள்ளாது. சாப்பாட்டு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் போதும். நான் போவது வீட்டைப் பார்க்க மட்டும் அல்ல. அங்கே ஒரு பஞ்சாயத்து இருக்கிறது.

என் பெயர் உமையொருபாகம். மதுரையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். முழுப்பெயரையும் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லை, 'பாகம் சார்' என்பார்கள். எந்தப் பாகம் என்று கேட்டால் முழிப்பார்கள். போகட்டும்.

'பகலவன்' என்று ஒரு மென்பொருள். கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் உங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிற காலண்டரில் அது இருக்கலாம். திதி, நட்சத்திரம், ராகு காலம், தமிழ் மாதப் பிறப்பு எல்லாவற்றையும் கணக்குப் போட்டுத் தரும். இலவசம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், தப்பு இருந்தால் திருத்தித் தரலாம். கட்டற்ற மென்பொருள் என்று பெயர். கட்டற்றது என்றால் கட்டுப்பாடு அற்றது என்று சிலர் நினைக்கிறார்கள். என் வாழ்க்கையின் துயரம் அந்த நினைப்பிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

தொடங்கியது நான். பிறகு தேனப்பன் சேர்ந்தான். அப்புறம் ஜெசிந்தா. கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள், பிறந்தது சிவகாசி. அவள் அப்பா காலண்டருக்குத் தகரம் அடிக்கிற பட்டறை வைத்திருந்தவர். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகிற பெண்ணுக்குத் திதியும் நட்சத்திரமும் எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "சார், எங்க வீட்டுல சோறு வெந்ததே ராகு காலத்துலயும் எமகண்டத்துலயும்தான்" என்றாள். கெட்டிக்காரி. அதை நான் மறுக்கவில்லை. கெட்டிக்காரர்களால்தான் எல்லாப் பிரச்சினையும் வருகிறது.

நாங்கள் மூன்று பேரும்தான் பராமரிப்பாளர்கள். புது வடிவம் ஒன்றை ஊருக்குக் கொடுப்பதற்குப் பெயர் வெளியீடு. அதற்கு விதிகள் உண்டு. நான்தான் எழுதினேன். விதி நான்கு: மூவரில் இருவர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். விதி ஏழு: ஆடி முதல் நாள் தொடங்கி ஆடி கடைசி நாள் முடிய வெளியீடு இல்லை.

ஏன் என்று கேளுங்கள். கேட்க மாட்டீர்களா? நானே சொல்கிறேன். சிவகாசிக்காரர்கள் எங்கள் கணக்கை எடுத்துத் தேதித் தாள் அடிக்கத் தொடங்குவது ஆடியில். ஒரு வருஷம், விதி வருவதற்கு முன்னால், ஆடி நடுவில் ஒரு திருத்தம் வெளியிட்டோம். முன்னால் எடுத்தவர் ஒரு மாதிரி அடித்தார், பின்னால் எடுத்தவர் இன்னொரு மாதிரி அடித்தார். சாத்தூரில் ஒரே தெருவில் மளிகைக் கடைக் காலண்டரில் ஒரு நாள் விநாயகர் சதுர்த்தி, மருந்துக் கடைக் காலண்டரில் மறுநாள். இரண்டு நாளும் கொழுக்கட்டை. பிள்ளைகளுக்குச் சந்தோஷம். எனக்கு அவமானம். அதற்குப் பிறகு எழுதியதுதான் விதி ஏழு. தப்பாக இருந்தாலும் எல்லாருக்கும் ஒரே தப்பாக இருக்க வேண்டும். இதில் என்ன குறை? சொல்லுங்கள். ஒரு குறையும் இல்லை.

போன வருஷம் ஆடி. ஆடிப்பெருக்கு வர இன்னும் நாலைந்து நாள் இருந்தது. ஜெசிந்தா போன் பண்ணினாள்.

"சார், அடுத்த வருஷ ஆவணி ஒண்ணு ஒரு நாள் தள்ளி வருது சார்."

"எதைவிடத் தள்ளி?"

"எல்லாரையும்விட. அச்சுப் பஞ்சாங்கம் எல்லாத்தையும் பாத்துட்டேன். நம்ம மட்டும்தான் ஆடிக்கு ஒரு நாள் கூடக் குடுக்குறோம்."

விஷயம் சின்னது, விளங்கச் சொல்கிறேன். சூரியன் சிம்ம ராசிக்குள் நுழைந்தால் ஆவணி. அன்று சூரியன் மறைவதற்குள் நுழைந்துவிட்டால் அந்த நாளே முதல் தேதி. மறைந்த பிறகு நுழைந்தால் மறுநாள்தான் முதல் தேதி. இந்த வருஷம் சரியாகச் சூரியன் மறைகிற நேரத்தில், அந்த வாசற்படியில், ராசி மாறுகிறது. அப்படியானால் சூரியன் மறைவது என்றால் என்ன? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? கடைசி விளிம்பும் கண்ணுக்கு மறைவது என்றுதானே? எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பகலவனில் நான் எழுதியிருப்பது, சூரிய வட்டத்தின் நடுப்புள்ளி அடிவானத்தைக் கடக்கிற கணம். ஒரு வட்டம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் அதன் மையத்தைத்தான் காட்ட வேண்டும், ஓரத்தை அல்ல. மீதி வெளியே தெரிவது வெறும் எச்சம். அந்த எச்சம் தெரிகிற சில நிமிஷத்துக்குள்தான் இந்த வருஷ ஆவணி பிறக்கிறது. ஆகவே எங்கள் கணக்கில் ஆவணி மறுநாள்.

இதைச் சொன்னேன். அவள் என்ன கேட்டாள் தெரியுமா?

"பாதிச் சூரியன் பளபளன்னு தெரியும்போதே எந்த வீட்டுல சார் விளக்கு வைக்கிறாங்க?"

விளக்கு வைப்பதற்கும் வானியலுக்கும் என்ன சம்பந்தம்? நான் கோபப்படவில்லை. அந்தக் கட்டத்தில் நான் கோபப்படவே இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். "சரிம்மா, கருத்து வேறுபாடு இருக்கலாம். விவாதத்துக்கு வையுங்கள். ஆவணி பிறந்ததும் முடிவு செய்யலாம்" என்றேன்.

"அதுக்குள்ள தாள் ஓடிரும் சார். அச்சகத்து மாரிக்கனி அண்ணாச்சி பெருக்கன்னைக்கு ஆல்பம் போட்டு மறுநாளே மெஷின்ல ஏத்துறார். ஒரு வரித் திருத்தம் சார். ஒரே வரி."

"ஒரு வரியோ ஒரு புள்ளியோ. ஆடி."

"ஆடி என்னைக்கு முடியுதுன்னே நமக்குச் சரியாச் சொல்லத் தெரியலைங்கிறதுதானே சார் இப்பப் பிரச்சினை?"

இதைப் பாருங்கள். இதுதான் குதர்க்கம். எப்போது முடியும் என்ற சர்ச்சை அடுத்த வருஷத்து ஆடிக்குத்தான். நாங்கள் பேசிக்கொண்டிருந்தது அந்த வருஷத்து ஆடியில். அது எப்போது முடியும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இதை விளக்கி விரிவாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன். அவள் படித்தாளா என்றே தெரியவில்லை. பதில் வரவில்லை.

என்ன திருப்பத்தூரா? இல்லை, இன்னும் வரவில்லை. நீங்கள் எங்கே இறங்க வேண்டும்? காரைக்குடி பஸ் ஸ்டாண்டா? நல்லது. நான் உங்களுக்குக் கொஞ்சம் முன்னால்.

பெருக்குக்கு முந்தின நாள் பிற்பகல் கல்லூரியில் ஒரு வகுப்பு முடித்துவிட்டு வந்து பார்க்கிறேன். பகலவன் தளத்தில் புது வெளியீடு. ஆடியில்! என்னைக் கேட்காமல்! பெயர் மூலையில் பளிச்சென்று இருக்கிறது: வெளியிட்டவர் ஜெசிந்தா, சம்மதித்தவர் தேனப்பன். தேனப்பனைக் கூப்பிட்டேன்.

"சம்மதம் கொடுத்தாயா?"

"கேட்டுச்சு. சரிம்மா போடுன்னேன்."

"எழுத்தில் கொடுத்தாயா?"

"போன்லதான் கேட்டுச்சு. போன்ல எப்படிப்பா எழுதுறது?"

பார்த்தீர்களா? விதி நான்கும் போச்சு, விதி ஏழும் போச்சு. ஒரே மூச்சில் இரண்டு. அவன் அதோடு விடவில்லை. "பாகம், விடப்பா. அந்தப் புள்ள சொல்றது சரியாத்தான் இருக்கு" என்றான். அவள் சொல்வது சரியா தப்பா என்று நான் கேட்கவே இல்லை. ஒருவன் சரியாகவே சொல்லட்டும். சொல்ல ஒரு முறை இருக்கிறதா இல்லையா? அவசரம், அவசரம் என்று ஆளாளுக்கு வெளியிட ஆரம்பித்தால் அப்புறம் இரண்டு நாள் கொழுக்கட்டைதான்.

தளத்தின் சாவி என்னிடம் உண்டு. அந்த வெளியீட்டைத் திரும்பப் பெற்றேன். அழித்தேன் என்று ஊரில் சொல்கிறார்கள். அழிக்கவில்லை. திரும்பப் பெற்றேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. ஆனியில் வெளியிட்ட பழைய வடிவத்தை அதன் இடத்தில் மறுபடி வைத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

உடனே ஜெசிந்தாவிடமிருந்து போன்.

"சார், எடுத்துட்டீங்களா?"

"விதிப்படி."

"பழசைத் திரும்ப ஏத்தியிருக்கீங்களே, அது வெளியீடு இல்லையா? நீங்களும் ஆடியிலதானே சார் ஏத்துனீங்க? உங்களுக்கு யாரு சார் எழுத்துல சம்மதம் குடுத்தா?"

எப்படிக் கேட்கிறாள் பாருங்கள். அது வெளியீடு அல்ல. மறுவெளியீடு. மறுவெளியீடு பற்றி விதியில் ஒரு சொல்கூட இல்லை. நான்தான் எழுதினேன், எனக்குத் தெரியாதா? அதைத்தான் அவளிடமும் சொன்னேன். "சார், எங்கப்பா பட்டறையில ஒரு காலண்டருக்குத் தகரம் கோணலா அடிச்சிருந்தா அதைக் கழிச்சுப் போடுவாங்க. யாரு அடிச்சா, எந்த மாசம் அடிச்சான்னு கேட்டுக்கிட்டு இருக்க மாட்டாங்க" என்றாள். அழுகிற மாதிரி இருந்தது குரல். அழுதால் வாதம் வலுத்துவிடுமா?

மாரிக்கனி அண்ணாச்சி பெருக்கன்று சாயங்காலம் கணக்கை எடுத்தார். எது இருந்ததோ அதைத்தானே எடுப்பார். அடித்தார். விற்றார்.

தை பிறந்ததும் ஆரம்பித்தது. ஆவணியில் கல்யாணம் வைக்கிறவர்கள் அப்போதே மண்டபம் பார்க்கத் தொடங்கிவிடுவார்களே. ஆடி முடிந்த கையோடு முதல் முகூர்த்தம் என்று அச்சுப் பஞ்சாங்கம் பார்த்து அடித்த எல்லாக் காலண்டரிலும் போட்டிருக்கிறது. அண்ணாச்சியைப்போலப் பகலவனை எடுத்தவர்கள் அடித்த காலண்டரில் மட்டும் அந்த நாள் ஆடி முப்பத்திரண்டு. முகூர்த்தம் இல்லை. சாத்தூரில் ஒரு மிட்டாய்க் கடைக்காரர் தன் கடைப் பெயர் போட்டு ஊரெல்லாம் கொடுத்திருக்கிறார். அதைப் பார்த்துவிட்டு ஒரு சம்பந்தி வீட்டார், 'ஆடியிலயா தாலி கட்டச் சொல்றீங்க?' என்று இன்னொரு சம்பந்தி வீட்டாரோடு சண்டை. மிட்டாய்க் கடைக்காரர் அண்ணாச்சியைப் பிடித்துக்கொண்டார். அண்ணாச்சி என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன சார், ஒரு மாசத்தையே ஒரு நாள் தள்ளி வச்சுட்டீங்க! ஆவணி அவிட்டத்துல இருந்து எல்லாத் தேதியும் ஒவ்வொண்ணு குறையுது சார். சாமிக்குச் சூடம் காட்டி ஆரம்பிச்ச தொழில் சார்!"

"அண்ணாச்சி, ஆவணி அவிட்டம் நட்சத்திரத்தை வைத்து வருவது. அது மாறாது. அதற்கு எதிரே இருக்கிற தமிழ்த் தேதி மட்டும்தான் ஒன்று குறையும்" என்று திருத்தினேன். தகவல் என்றால் சரியாக இருக்க வேண்டும் இல்லையா?

"அதைத்தானே சார் நானும் சொல்றேன்!" என்று கத்திவிட்டு வைத்துவிட்டார். அவர் சொன்னது அது அல்ல. ஏறக்குறைய அதுதான். ஆனால் அது அல்ல.

அதற்குள் ஜெசிந்தா என்ன செய்தாள் என்று கேளுங்கள். பகலவனை அப்படியே பிரதி எடுத்துக்கொண்டு தனியாகப் போய்விட்டாள். எடுக்கலாம், உரிமை இருக்கிறது. கட்டற்ற மென்பொருள், எடுத்துக்கொண்டு போக யாருக்கும் உரிமை உண்டு. நானே மேடை மேடையாக அதைப் பெருமையாகப் பேசியிருக்கிறேன். ஆனால் என்ன பெயர் வைத்தாள் தெரியுமா? 'விளிம்பு.' எனக்கு உறைக்கட்டும் என்றுதானே? சூரியனின் விளிம்பு! எவ்வளவு கொழுப்பு!

இந்த ஆடிப்பெருக்குக்குச் சிவகாசியில் பாதிப் பேர் விளிம்பிலிருந்து எடுத்தார்கள். அண்ணாச்சியும்தான். விளிம்பில் வெளியீட்டு விதி என்று ஒரே வரி எழுதி வைத்திருக்கிறாள்: 'தப்பு தெரிந்தால் திருத்தி வெளியிடு.' அது விதியா? அது ஆசை. பகலவனை இப்போது எத்தனை பேர் எடுக்கிறார்கள் என்று கேட்காதீர்கள். எண்ணிக்கையா முக்கியம்? நான் எடுக்கிறேன். என் போனில், என் வீட்டில், என் கல்லூரி அறையில் எல்லாம் பகலவன்தான்.

தேனப்பன் மட்டும் நடுவில் நின்றுகொண்டே இருந்தான். இரண்டு பக்கமும் பேசுகிற ஆள். வீடு கட்டி முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டான்.

"பாகம், ஆவணி ஒண்ணு பால் காய்ச்சுறேன். நீயும் வா, ஜெசிந்தாவும் வருது. சாப்புட்டுட்டு மாடியில உக்காந்து பேசுவோம். விளிம்பை மறுபடி பகலவனோட சேத்துருவோம். அந்தப் புள்ள சம்மதிச்சிருச்சு."

"மன்னிப்புக் கேட்பாளா?"

"நீ கேப்பியா?"

"நான் எதற்கு?"

"அப்ப யாரும் கேக்க வேண்டாம். சோறு இருக்கு, வா. ஆனா ஒண்ணு. அது மறுநாள் காலையில புருஷனோட ஜெர்மனிக்குக் கிளம்புது. அங்க போனா நேரம் இருக்காதாம், விளிம்பைச் சிவகாசி அச்சகக்காரங்க சங்கத்துக்கிட்டயே மொத்தமா ஒப்படைச்சுட்டுப் போயிருவேன்னு சொல்லுது. அவங்க கைக்குப் போனா போனதுதான். பகலவன்னு ஒண்ணு அப்புறம் நீ மட்டும் வச்சு விளையாடுற பொம்மைதான். அன்னைக்கு விட்டா ஆளைப் பிடிக்க முடியாது, பாத்துக்க."

பொம்மை! பன்னிரண்டு வருஷ உழைப்பு! சரி, சிநேகிதன், சொல்லிவிட்டான்.

ஆனால் நான் யோசித்தேன். யோசிக்கத் தெரியாதவன் அல்ல. அவளைப்போல இன்னொரு ஆள் எனக்குக் கிடைக்காது, அதுவும் உண்மை. எனக்குப் பிறகு இதைப் பார்த்துக்கொள்ள அவள் இருக்கிறாள் என்றுதான் ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். ஆகவே நான் இறங்கி வந்தேன். ஆமாம், நான்தான் இறங்கி வந்தேன். விதி ஏழில் ஓர் உட்பிரிவு சேர்க்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். அச்சுக்குப் போகும் தேதியில் பிழை என்று தெரிந்தால், மூவரும் எழுத்தில் சம்மதித்தால், ஆடியிலும் வெளியிடலாம். எழுத்தில். அதில் நான் வளைய மாட்டேன். இன்னொன்றும் இருக்கிறது. நடுப்புள்ளியா விளிம்பா என்பதைப் பயன்படுத்துகிறவரே தேர்ந்துகொள்ளட்டும். எதையும் தேர்ந்துகொள்ளாதவருக்கு விளிம்பே இருக்கட்டும். இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். மாடியில் உட்கார்ந்து இதை நான் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

பத்திரிகை அனுப்பியிருந்தான் தேனப்பன். அதில் ஒரு குழறுபடி. ஆவணி ஒன்று என்று போட்டிருக்கிறது. பக்கத்தில் ஆங்கிலத் தேதி ஒரு நாள் முந்தி, கிழமையும் அதற்கேற்ற மாதிரி முந்தி. அதாவது நேற்று. யாருடைய வேலை என்று உடனே தெரிந்துவிட்டது. அச்சகக்காரன் விளிம்பைப் பார்த்து ஆங்கிலத் தேதியைப் போட்டுவிட்டான். தேனப்பன் யார்? பகலவனின் பராமரிப்பாளன். அவன் ஆவணி ஒன்று என்று சொன்னால் அது பகலவனின் ஆவணி ஒன்றாகத்தான் இருக்க முடியும். அதைக் கேட்டதுமே எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது, பாருங்கள். பையன் கடைசியில் நம் பக்கம்தான். ஆங்கிலத் தேதியைச் சிவப்பு மையால் அடித்து, சரியான தேதியை எழுதி, படம் எடுத்து அவனுக்கு அனுப்பினேன். பதிலுக்குக் கும்பிடுகிற கை ஒன்று அனுப்பினான். நன்றி சொல்கிறான்.

என் மனைவி நேற்றுக் காலையிலேயே வேட்டியை எடுத்து வைத்துவிட்டு நிற்கிறாள். "இன்னைக்குத்தாங்க" என்கிறாள். அவளுக்கு நகைக்கடைக் காலண்டர். "நீ நகைக்கடையை நம்பு, நான் சூரியனை நம்புகிறேன்" என்றேன். வேட்டியை மடித்து உள்ளே வைத்துவிட்டாள். இன்றைக்கு நானேதான் தேடி எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தேன்.

நேற்று முழுக்கப் போன் வேறு. தேனப்பன் காலையிலிருந்து விடாமல் கூப்பிடுகிறான். எடுக்கவில்லை. எதற்கு என்று எனக்குத் தெரியாதா? முந்தின நாளே வந்துவிடு, ஜெசிந்தாவிடம் கொஞ்சம் இதமாகப் பேசு என்று தயார்செய்வதற்கு. எனக்குத் தயாரிப்பு வேண்டாம், எல்லாம் மனதில் இருக்கிறது. மத்தியானம் அவளே கூப்பிட்டாள். ஜெசிந்தா! ஒரு வருஷத்தில் முதல் தடவை! மணி அடித்து முடிகிற வரைக்கும் அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எடுக்கவில்லை. அவசரப்பட்டு எடுத்தால் இளக்காரமாகிவிடும். நேரில் பேசுவதுதான் முறை. பயம் வந்துவிட்டது அவளுக்கு, வேறொன்றும் இல்லை. சாயங்காலம் இன்னொரு தடவை. அப்புறம் இல்லை.

கோபம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. வருஷம் பூராவும் சுமந்துவிட்டேன். ஆனால் சாப்பாட்டுக்கு முன்னால் எதையும் எடுக்கப் போவதில்லை. முதலில் இலையில் உட்காருவோம். செட்டிநாட்டுச் சமையல், அதைக் கெடுப்பானேன்? பிறகு மாடி. முதலில் அவளைப் பேசவிடுவேன். 'சார், நான் அன்னைக்கு அவசரப்பட்டுட்டேன்' என்று ஆரம்பிப்பாள். அப்படித்தான் ஆரம்பிப்பாள். நான், 'பரவாயில்லைம்மா, உட்பிரிவு ஒன்று எழுதி வைத்திருக்கிறேன்' என்பேன். இந்த விளக்குகூட ஒன்று அல்ல, இரண்டு. பெரியது தேனப்பனுக்கு. உள்ளே துணியில் சுற்றி இருக்கிற சின்னது ஜெசிந்தாவுக்கு. ஜெர்மனியில் ஆடி வராதில்லையா? அங்கே போய் உட்கார்ந்துகொண்டு எப்போது வேண்டுமானாலும் வெளியிடுவேன் என்று அவள் கிளம்பிவிடக் கூடாது. இந்த விளக்கை எந்த நேரத்தில் ஏற்றுவது என்று பார்க்கும்போதாவது என் ஞாபகம் வரட்டும்.

என்ன சொன்னீர்கள்? நேற்று நீங்கள் போன மண்டபத்தில் ஒரே நாளில் மூன்று கல்யாணமா? இருக்கும், இருக்கும். தாலி கட்டும்போது சூரியன் கடகத்தில்தான் இருந்தது, அதை யாராவது கவனித்தார்களா? அட, அது அவர்கள் கணக்குப்படியும் கடகம்தான் என்கிறீர்களா? அது வேறு விஷயம். கேள்வி அது அல்ல.

குன்றக்குடி தாண்டிவிட்டதே. பேசிக்கொண்டே வந்ததில் தெரியவில்லை. கண்டக்டர், அடுத்த நிறுத்தத்தில் ஒரு இறக்கம். மன்னிக்க வேண்டும், அந்த விளக்கைக் கொஞ்சம் தூக்கிக் கொடுங்கள். அடிப்பக்கம் பிடியுங்கள், கனம். அதோ, அந்தப் பச்சைக் கேட் வீடுதான். வாசலில் வேன் நிற்கிறது. பந்தல் துணியைச் சுருட்டி ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்.